மெழுகிலேயே கல் பதித்து வெள்ளி வார்ப்பது: எந்தக் கல் தாங்கும், எது போகும்?

வெள்ளிமீன்:
வணக்கம். 925 வெள்ளியில் (92.5 சதவீதம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் தாமிரம்) மெழுகு வார்ப்பு ஓரளவு கைவந்துவிட்டது. கல் இல்லாத மோதிரம், பென்டன்ட் எல்லாம் சுத்தமாகவே வருகின்றன. அடுத்து, கல்லை மெழுகில் பதித்து, அப்படியே பிளாஸ்கில் (பிளாஸ்டர் ஊற்றும் உலோகக் குழாய்) வைத்து வார்த்துப் பார்க்க ஆசை. வார்த்த பிறகு ஒவ்வொரு கல்லாக உட்காரவைக்கும் வேலை மிச்சமாகும். தவிர, கல் பதிக்கும் பழக்கம் எனக்குக் குறைவு.

நினைத்திருக்கும் மோதிரம் இதுதான். நடுவில் 5 மில்லிமீட்டர் அமெதிஸ்ட் ஒன்று. இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் வெள்ளை சிஇசட் (கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல்) கற்கள் வரிசையாக. உலையில் படிப்படியாகச் சூடேற்றும் கன்ட்ரோலர் இருக்கிறது. வார்ப்பது வேக்குவத்தில்.

அமெதிஸ்ட் தாங்குமா? எப்போதும்போல 730 டிகிரி செல்சியஸ் வரை பர்ன் அவுட் (மெழுகை எரித்து வெளியேற்றுவது) ஓட்டலாமா? இன்னொன்று, கொஞ்சம் அசட்டுக் கேள்விதான்: மெழுகுதான் உருகி ஓடிவிடுகிறதே, அப்புறம் கல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

பழையமூசை:
> மெழுகுதான் உருகி ஓடிவிடுகிறதே, அப்புறம் கல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

அசட்டுக் கேள்வி இல்லை தம்பி, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். மெழுகு போன பிறகு கல்லைப் பிடித்திருப்பது இன்வெஸ்ட்மென்ட் பிளாஸ்டர், அதாவது மெழுகைச் சுற்றி ஊற்றிய அச்சுப் பிளாஸ்டர் மட்டும்தான். கல்லின் மேல்முகம் வெளியே தெரிகிறது அல்லவா, அங்கே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறது. அடியில் ஓட்டை விட்டிருந்தால் அந்த வழியாகவும் பிளாஸ்டர் ஏறி, கல்லின் கூர்முனையைக் கவ்விக்கொள்கிறது. மேலும் கீழும் இரண்டு பிடி. நடுவில் மெழுகு இருந்த இடம் காலியாகி, அங்கே வெள்ளி வந்து நிற்கிறது.

புதியவர்கள் தவறவிடுவது அந்த அடி ஓட்டையைத்தான். கல்லுக்கு அடியில் மெழுகு மூடியிருந்தால் பிளாஸ்டருக்கு ஒரு பக்கப் பிடிதான் கிடைக்கும். அதுவும் வழுவழுப்பான பட்டை முகத்தில். மெழுகு உருகும்போதோ, உலோகம் பாயும்போதோ கல் நழுவி உள்ளே விழும். வார்த்து முடித்துப் பார்த்தால் கல் இருந்த இடத்தில் வெள்ளிக் கட்டி, கல்லோ மோதிரத்தின் வேறொரு மூலையில் பாதி புதைந்து கிடக்கும். 2 மில்லிமீட்டர் கல்லுக்கு அடியில் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஓட்டை விடு. அதைவிடச் சின்ன ஓட்டையில் பிளாஸ்டர் ஏறினாலும் குச்சிபோல நின்று சட்டென்று ஒடிந்துவிடும்.

தணல்:
அமெதிஸ்ட் வேண்டாம். குவார்ட்ஸ் வகை எதையும் இந்த முறையில் வைக்க வேண்டாம்.

இரண்டு காரணம். முதலாவது நிறம். அமெதிஸ்டின் ஊதா 400, 500 டிகிரிச் சூட்டில் போய்விடும். மஞ்சளாகும், பழுப்பாகும், சிலசமயம் நிறமே இல்லாமல் வெளிறும். சந்தையில் சிட்ரின் என்று வரும் கற்களில் பெரும்பகுதி அமெதிஸ்டைச் சூடாக்கியதுதான். இரண்டாவது, 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறுகிறது. கன அளவு சட்டென்று கூடுகிறது, ஆறும்போது திரும்பக் குறைகிறது. உள்ளே சின்ன விரிசலோ திரவத் துளியோ இருந்தால் அந்த இடத்தில்தான் பிளக்கும். பர்ன் அவுட்டில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை அந்தக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும்.

வெள்ளிமீன்:
ஆனால் அமெதிஸ்டின் கடினத்தன்மை 7 ஆயிற்றே. கார்னெட்டும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் கார்னெட் வைக்கலாம் என்று படித்தேன்.

தணல்:
கடினத்தன்மையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் நண்பரே. கீறினால் கோடு விழுமா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். வைரம் 10, ஆனால் வைரமும் கரிதான்: காற்றில் சுமார் 700 டிகிரிக்கு மேல் போனால் மேற்பரப்பு எரியத் தொடங்கி வெள்ளையாக மங்கிவிடும். பார்க்க வேண்டியவை வேறு. சூட்டில் நிறம் மாறுமா, உள்ளே தண்ணீரோ எண்ணெயோ இருக்கிறதா, வெப்பநிலை ஏறி இறங்கும்போது வெடிக்குமா, இவ்வளவுதான்.

அந்த வகையில் பயமில்லாமல் வைக்கக்கூடியவை சிஇசட், மாணிக்கம், நீலம், செயற்கை ஸ்பினல். சிஇசட்டை 2700 டிகிரிக்கு மேல் உருக்கித்தான் வளர்க்கிறார்கள். மாணிக்கமும் நீலமும் கொரண்டம், சுமார் 2050 டிகிரியில்தான் உருகும். 1902-ல் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலர் அறிவித்த முறையில், பொடியைத் தீச்சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகச் செயற்கை மாணிக்கம் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். தீயில் பிறந்த கல்லுக்கு உங்கள் உலையின் 650 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. வைரம் வைக்கலாம், ஆனால் கவனம் வேண்டும். சிவப்பு கார்னெட், சுத்தமானதாக இருந்தால் பெரும்பாலும் தப்பும்.

கூடாதவை நிறைய. ஓப்பலுக்குள் தண்ணீர் இருக்கிறது, பொடிந்துவிடும். முத்து, பவளம், டர்க்கைஸ், அம்பர் பக்கமே போக வேண்டாம். மரகதத்தின் கனிமம் சூட்டைத் தாங்கினாலும் அதன் விரிசல்களில் எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். உள்ளே அழுக்கும் திரவமும் அதிகம். நீல டோபாஸின் நிறம் பெரும்பாலும் கதிர்வீச்சில் ஏற்றியது, சூட்டில் வெளிறும். டான்சனைட், டூர்மலின் இரண்டும் விரிசல் விடும். மாணிக்கத்திலும் ஒரு பொறி உண்டு. விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் ஏராளமாகச் சுற்றுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக்குமிழ்களும், கல்லைத் திருப்பும்போது நீல மினுக்கும் தெரியும். உலையில் அந்தக் கண்ணாடி இளகி எல்லாம் குட்டிச்சுவர்.

கல்லும்கம்பியும்:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. இவ்வளவு பாடுபட்டு எதற்கு? வார்த்த பிறகு கையால் பதித்தால் எந்தக் கல்லையும் வைக்கலாம், அமெதிஸ்ட் உட்பட. கல்லுக்கு அடியில் மெருகு போட முடியும். கல் உடைந்தால் ஒரு கல் போகும். இந்த முறையில் ஒரு கல் மங்கினால் மோதிரம் முழுவதும் திரும்ப மூசைக்குத்தான். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யும் தொழிற்சாலைகளுக்கு இது லாபம், கூலி மிச்சம். ஒற்றை மோதிரம் செய்பவருக்கு என்ன லாபம்?

மெழுகுக்கூடு:
நீங்கள் சொல்வதில் பாதி சரி. தொழிற்சாலையில் ரப்பர் அச்சுக்குள்ளேயே கற்களை அடுக்கி, அதன்மேல் மெழுகை ஊசிபோட்டு எடுக்கிறார்கள், கைவேலை இன்னும் குறைவு. ஆனால் ஒற்றை வேலையிலும் ஒரு லாபம் இருக்கிறது. இயற்கையான ஒழுங்கற்ற வடிவங்கள், பாசி படர்ந்தது போன்ற பரப்பு, கிளைக்கு நடுவே சிக்கிய கல், இதையெல்லாம் உலோகத்தில் பின்னால் பதிப்பது மகா தொல்லை. மெழுகில் கல்லை அழுத்தி, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு இழுத்தால் முடிந்தது. இந்த முறைக்கென்றே வரும் அழகு அது. சீராக நான்கு பிராங் (கல்லைப் பிடிக்கும் நகம்) வைத்த ஒற்றைக்கல் மோதிரத்துக்கு இதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் உடன்பாடில்லை.

வெள்ளிமீன், மெழுகில் பதிக்கும்போது பார்க்க வேண்டியவை சில. கடினமான செதுக்கு மெழுகு விளிம்பில் உடையும், கொஞ்சம் வளையும் ரகம் நல்லது. கல்லின் இடுப்பு, அதாவது அகலமான விளிம்பு, மெழுகுக்குள் முழுதும் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் கால் மில்லிமீட்டராவது மெழுகு ஏறி மூட வேண்டும். கல்லின் மேல்முகத்தில் நகக்கீறல் அளவு மெழுகு இருந்தாலும் அது அப்படியே வெள்ளியாக மாறி முகத்தில் படர்ந்து நிற்கும். பிறகு சுரண்டி எடுக்கும் வேலை கல் பதிக்கும் வேலையைவிடப் பெரிது. லென்ஸ் வைத்து, கூரான மரக்குச்சியால் ஒவ்வொரு கல்லையும் துடையுங்கள்.

கற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும்படி ஒரு மயிரிழை இடைவெளி, 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை விடுங்கள்.

வெள்ளிமீன்:
நன்றி அக்கா. இடைவெளி எதற்கு? ஒட்டி இருந்தால்தானே அழகு.

பழையமூசை:
வெள்ளி சுருங்கும், கல் அவ்வளவு சுருங்காது. 925 வெள்ளி சுமார் 890 டிகிரியில் முழுதும் உருகி நிற்கிறது. அங்கே இருந்து கைச்சூட்டுக்கு வரும்போது நீளத்தில் ஏறக்குறைய 1.7 சதவீதம் சுருங்குகிறது. 5 மில்லிமீட்டருக்கு 0.08 மில்லிமீட்டர். சிஇசட் அதில் பாதி அளவுதான் சுருங்கும், வைரம் சுருங்குவதே இல்லை என்று வைத்துக்கொள். ஆக ஆறும் வெள்ளி கல்லை நெருக்கிப் பிடிக்கிறது. கல் ஆடாமல் இருப்பதற்குக் காரணமே அந்த நெருக்கம்தான். ஆனால் வரிசையில் கற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் நெருக்கம் முழுவதும் விளிம்புக்கு விளிம்பு இறங்கும். இடுப்பு மெலிந்த கல்தான் முதலில் சில்லு தெறிக்கும். சுற்றிலும் தடிமனான வெள்ளிச் சுவர் எழுப்பி மூடினாலும் இதே கதை. அழகுக்கு 0.1 மில்லிமீட்டர் விட்டுக்கொடு.

உலைக்களம்:
பர்ன் அவுட் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான்.

730 வேண்டாம். உச்சம் 630 முதல் 650 வரை போதும். ஆனால் குறைந்த சூட்டில் மெழுகின் கரி முழுதும் எரிய நேரம் பிடிக்கும். வழக்கமாக உச்சத்தில் 3 மணி நேரம் வைப்பவர் 4 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும், பிளாஸ்க் பெரிதென்றால் இன்னும் கூடுதல். உலையின் காற்றுத்துளை திறந்திருக்கட்டும். கரி மிச்சம் இருந்தால் பிளாஸ்டரில் உள்ள ஜிப்சத்தைச் சிதைத்துக் கந்தக வாயு கிளப்பும், வெள்ளியில் துளைகளும் கருப்பும் வரும். வெள்ளிக்குக் கந்தகம் என்றால் ஆகவே ஆகாது.

ஏற்றம் மெதுவாக இருக்கட்டும். 150 டிகிரியில் 2 மணி நேரம், தண்ணீரும் மெழுகும் வெளியேற. பிறகு 370-ல் 2 மணி நேரம். நடுவில் 200 முதல் 270 டிகிரி வரை பிளாஸ்டரில் உள்ள கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா வகை சட்டென்று விரியும். அங்கே அவசரப்பட்டால் அச்சில் விரிசல் விழும், கல்லைச் சுற்றித் தகடு தகடாக வெள்ளி நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் 650 வரை போய், நிறுத்தி, வார்ப்புச் சூட்டுக்கு இறக்குங்கள். வெள்ளிக்கு, இந்த மாதிரி மெல்லிய வேலைக்கு, பிளாஸ்க் 500 முதல் 580 வரை. உலோகம் 980-ஐத் தாண்ட வேண்டாம்.

பிளாஸ்க் சூடாக இருப்பது கல்லுக்கும் நல்லது. கல் ஏற்கெனவே 550-ல் இருக்கும்போது அதன்மேல் 980 டிகிரி வெள்ளி வருகிறது, தாவல் நானூற்றுச் சொச்சம்தான்.

இன்னொன்று, மெழுகு வெளியேறி வெள்ளி உள்ளே வரும் பாதையை (ஸ்ப்ரூ) நேராகக் கல்லைப் பார்த்து வைக்காதீர்கள். வேகமாக வரும் வெள்ளி முதலில் கல்லில் மோதினால் பெயர்த்துக்கொண்டு போய்விடும். பின்பக்கத்திலோ தடிமனான அடிப்பாகத்திலோ ஸ்ப்ரூ வைத்து, வெள்ளி பக்கவாட்டில் தவழ்ந்து கல்லிடம் வரட்டும்.

சிறுதுளி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உலையே இல்லை, எண்ணெய் மணலிலும் கணவாய் ஓட்டிலும்தான் வார்க்கிறேன். மணலில் கல்லைப் பாதி அழுத்திவிட்டு அப்படியே ஊற்றினால்?

உலைக்களம்:
முடியும், பலர் செய்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன தாவல் உங்களுக்கு எதிராக இருக்கும். கல் அறைச் சூட்டில் இருக்கும்போது ஏறக்குறைய 1000 டிகிரி வெள்ளி அதைத் தொடுகிறது. எண்ணெய் மணலை முன்கூட்டிச் சூடாக்க முடியாது, புகைந்துவிடும். கணவாய் ஓட்டை இளஞ்சூட்டில் உலர்த்தலாம், அதற்கு மேல் போனால் கருகும்.

கல் சின்னதாக இருந்தால் சூடு உள்ளே சீக்கிரம் பரவிவிடும், அதனால் 2, 3 மில்லிமீட்டர் சிஇசட்டோ செயற்கை மாணிக்கமோ பெரும்பாலும் தப்பிக்கும். 6 மில்லிமீட்டருக்குப் போனால் மேற்பரப்பு விரியும், நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். விரிசல் கிட்டத்தட்ட நிச்சயம்.

மெழுகுக்கூடு:
கணவாய் ஓட்டில் வார்க்கும்போது கல்லின் மேல்முகத்தை ஓட்டுக்குள் அழுத்த வேண்டும், கூர்முனை குழிக்குள் நீட்டியிருக்க வேண்டும் சிறுதுளி. இடுப்பும் ஓட்டுக்கு வெளியே, குழிக்குள் தெரிய வேண்டும். இடுப்புவரை புதைத்துவிட்டால் வெள்ளி சுற்றிப் பிடிக்க விளிம்பே கிடைக்காது. எடுத்ததும் கல் கையோடு வந்துவிடும்.

சிறுதுளி:
ஆஹா, அதுதானா விஷயம். நன்றி அக்கா.

வெள்ளிமீன்:
போரிக் அமிலம் பற்றி எங்கும் பேசுகிறார்களே, பிளாஸ்டரில் கலக்க வேண்டுமா?

தணல்:
வைரம் வைத்தால் வேண்டும். போரிக் அமிலம் சூட்டில் கண்ணாடிபோல உருகி வைரத்தின்மேல் மெல்லிய படலமாகி, காற்று படாமல் காக்கும். கல் வைத்து வார்ப்பதற்கென்றே போரிக் அமிலம் கலந்த பவுடர் விற்கிறார்கள், அதைப் பயன்படுத்துவது எளிது. அப்படிச் செய்தால் நீராவியில் மெழுகு நீக்குவதைத் தவிருங்கள். நீராவி அந்த அமிலத்தைக் கரைத்து வெளியே கொண்டுபோய்விடும்.

கல்லும்கம்பியும்:
மாணிக்கம், நீலத்துக்கு அது ஆகாது என்பார்களே. பற்றவைக்கும்போது மாணிக்கத்தின்மேல் போரிக் அமிலமோ வெண்காரமோ பட்டு, மேற்பரப்பு அரித்து அம்மைத் தழும்பு போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தணல்:
பற்றவைப்பில் அது உண்மைதான். அங்கே தீச்சுவாலை நேரடியாகப் படுகிறது, கல்லின்மேல் குழம்பாக வெண்காரம் கிடக்கிறது, சூடும் மிக அதிகம். பிளாஸ்டரில் கலந்திருப்பது கொஞ்சம், சூடு 650. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கொரண்டமும் சிஇசட்டும் மட்டும் வைக்கிறீர்கள் என்றால் போரிக் அமிலத்தால் ஒரு நன்மையும் இல்லை, சாதாரணப் பவுடரே போதும்.

கல்லும்கம்பியும்:
கொஞ்சமானாலும் என் மாணிக்கத்தின் பக்கம் விடமாட்டேன். மற்றபடி சரி.

பழையமூசை:
பவுடர் எதுவானாலும் கலக்கும்போது மாஸ்க் போடுங்கள் எல்லோரும். அதில் சிலிக்கா தூசி இருக்கிறது, நுரையீரலில் போனால் திரும்பி வராது. உடைக்கும்போதும் உலர்ந்த பிளாஸ்டரைத் தட்டாமல் நனைத்து உடையுங்கள்.

வெள்ளிமீன்:
நிறச் சிஇசட் வைக்கலாமா? ரெசினில் பிரின்ட் எடுத்த மாதிரியில் கல் பதித்து வார்க்கலாமா?

தணல்:
நிறச் சிஇசட்டில் சில தாங்கும், சில மங்கும் அல்லது சாயல் மாறும். ஒரே நிறத்தில் இரண்டு இடத்தில் வாங்கியவை இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். வேறு எதையாவது வார்க்கும்போது, அதே பிளாஸ்கின் ஓரத்தில் அந்த ரகக் கல் ஒன்றைப் புதைத்துவிடுங்கள், மோதிரம் எதுவும் பணயம் இல்லாமல் பதில் கிடைத்துவிடும்.

உலைக்களம்:
ரெசின் வேண்டாம். பெரும்பாலான வார்ப்பு ரெசின்கள் சாம்பல் இல்லாமல் எரிய 700-க்கு மேல் கேட்கும். 650-ல் நிறுத்தினால் சாம்பல் கல்லின் அடியில் போய் உட்காரும். மெழுகாகவே அச்சிடும் பிரின்டர் இருந்தால் சரி, அல்லது பிரின்டிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து மெழுகு போடுங்கள்.

பழையமூசை:
ஆறவைப்பதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு பேசியதும் வீண். கல் இல்லாத பிளாஸ்கைப் பத்து, பதினைந்து நிமிடத்தில் தண்ணீரில் முக்கிப் பழகியிருப்பாய். கை அதையே செய்யும், தடுத்துக்கொள். உலையைத் தாங்கின கல் தண்ணீரில் ஒரு நொடியில் போய்விடும். பிளாஸ்க் முழுக்க வெறும் கையால் தொடும் சூட்டுக்கு வரட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். ஃபேன் காற்றில்கூட வைக்காதே.

அப்படி ஆறிய பிளாஸ்டர் தானாக உதிராது, ஊறவைத்துக் குச்சியால் நோண்ட வேண்டும். கல்லுக்கு அடியில் ஒட்டியது போக அல்ட்ராசோனிக்கில் (ஒலியதிர்வால் கழுவும் தொட்டி) போடு. ஒரு லாபமும் உண்டு: 925 வெள்ளி மெதுவாக ஆறினால் கொஞ்சம் கெட்டியாகிறது, பிராங் சுலபத்தில் வளையாது.

கல்லும்கம்பியும்:
கெட்டியாவதை ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக ஆறினால் கருப்பும் சிவப்புமாகத் தாமிர ஆக்சைடு கூடுதலாகப் படியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. கல்லுக்கு அடியில் படிந்ததை மெருகுச் சக்கரம் தொடாது.

பழையமூசை:
அதற்குத்தான் மெழுகையே கண்ணாடிபோல வழவழப்பாக்கி வைக்கச் சொல்வது. மிச்சம் இருந்தால் இளஞ்சூட்டுச் சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் வெளுக்கும். சூடான பொருளை அமிலத்தில் போடும் பழக்கம் இங்கேயும் ஆகாது.

ஜெர்மானியம் கலந்த வெள்ளி ரகம் இருக்கிறது, தீக்கறை (அந்தத் தாமிர ஆக்சைடுதான்) மிகக் குறைவு. இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.

வெள்ளிமீன்:
சரி, இப்படிச் செய்யப்போகிறேன். சிஇசட் வரிசை மட்டும் மெழுகில் பதிந்து வார்ப்புக்குப் போகும். அமெதிஸ்டுக்கு நடுவில் பெசல் (கல்லைச் சுற்றி மடக்கும் விளிம்பு) சுவரோடு இருக்கை மட்டும், கல் கடைசியில் கையால். அந்த இருக்கையை 5 மில்லிமீட்டருக்கே செதுக்கினால் சுருங்கிப்போகும்தானே?

மெழுகுக்கூடு:
போகும். சுவரின் உள்விட்டம் 5.1 முதல் 5.15 வரை வைத்துக்கொள்ளுங்கள், வார்த்த பிறகு பர் (சின்ன அரைக்கும் முனை) போட்டு அளவுக்குக் கொண்டுவரலாம். பெரிதாகிவிட்டால் சரிசெய்ய வழியில்லை, சின்னதாக இருந்தால் ஒரு சுரண்டல்தான். சுவர் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிக்க வேண்டாம், நீங்கள் கல் பதிப்பில் புதியவர் என்கிறீர்கள், தடித்த சுவரை மடக்குவது கஷ்டம்.

வெள்ளிமீன்:
மோதிர அளவு சரியாக வராவிட்டால் வெட்டிப் பற்றவைக்கலாமா, சிஇசட் உள்ளே இருக்கும்போது?

உலைக்களம்:
கீழ்ப்பக்கத்தில் என்றால் முடியும். கற்கள் பக்கம் சூடு ஏறாமல் ஈர மணலில் புதைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் பயம், சூடான கல்லில் ஈரம் படக்கூடும். மோதிரம் முழுவதையும் மெதுவாகச் சூடேற்றிப் பற்றவைத்துவிட்டு, செங்கல்லின்மேலேயே ஆறவிடுங்கள். அதைவிட நல்லது மெழுகிலேயே மோதிர அளவை அரை எண் பெரிதாக வைத்துவிடுவது. சுருக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கல்லும்கம்பியும்:
ஸ்ப்ரூவை கட்டரால் நறுக்காதீர்கள், வாளால் அறுங்கள். கட்டர் கவ்வும் அதிர்ச்சி நேராகப் பக்கத்துக் கல்லுக்குப் போகும்.